மாடன் கிடாவின் வயிறு

ஐப்பசி மழை விட்ட பதினோராம் நாள் காலையில் கருங்கண்மாய் ஊரில் செம்மறிகளின் வயிறு வெளியே தெரிய ஆரம்பித்தது. இடது பக்கத்தில், கடைசி விலா எலும்பு முடிகிற இடத்திலிருந்து இடுப்பெலும்பு வரைக்கும், ஒரு முறத்தின் அகலத்துக்கு, மயிரும் தோலும் சதையும் எப்போதும் போல அங்கேயேதான் இருந்தன, தொட்டால் கைக்கு வெதுவெதுவென்று தட்டுப்பட்டன, ஆனால் கண்ணுக்கு மட்டும் இல்லாமல் போயின. அரிக்கேன் விளக்கின் கண்ணாடி வழியாகத் திரி தெரிவது போல உள்ளே இருந்ததெல்லாம் தெரிந்தது. வெள்ளாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடுகளுக்கும் ஆகவில்லை. கண்மாய்க்கு அந்தப்புறத்து ஊர்களில் செம்மறிகளும் பழையபடியேதான் இருந்தன.

முதலில் பார்த்தவள் ஆவுடைத்தாய். பட்டியின் படலைத் திறக்கப் போனவள் முன்னால் நின்ற ஆட்டின் வயிற்றுக்குள் முந்தின நாள் மேய்ந்த புல் பச்சைக் குழம்பாகப் புரண்டுகொண்டிருப்பதைக் கண்டு, குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு உலை கொதிக்கிற நேரம் பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, ஆட்டுக்கு வயிறு தெரியுது."

அவள் புருஷன் திருமேனி வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமல் வந்து பார்த்தான்.

"எல்லாத்துக்குமா?"

"நாப்பத்திரண்டுக்கும்."

"அசை போடுதா?"

"போடுது."

"அப்பப் பத்திட்டுப் போ. வெயில் ஏறிரும்."

அவள் பத்திக்கொண்டு போனாள். ஊர்க் கடைசியில் மற்றவர்களும் தங்கள் ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஆட்டை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்களே தவிர யாரும் முதலில் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் தன் வீட்டுக்கு மட்டும் வந்த வினை என்று ஒவ்வொருவரும் பயந்திருந்தார்கள். எல்லாருக்கும்தான் என்று தெரிந்ததும் ஊருக்கே நிம்மதியாகிவிட்டது.

அந்த வாரத்தில் ஊர் அதற்குப் பழகிய விதத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆறாம் வகுப்பை மந்தைக்கே கூட்டிவந்து, ஆட்டின் நாலு வயிறுகளையும் பிரம்பால் காட்டிப் பாடம் நடத்தினார். சந்தைக்கு ஆடு பிடிக்க வரும் தரகர்கள் முதுகை அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து வயிற்றையே பார்த்தார்கள். அது பிடிக்காதவர்கள் ஆடுகளுக்குப் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றி விட்டார்கள், துணி சுற்றின ஆட்டை யாரும் வாங்குவதில்லை என்று ஆனதும் சேலையை அவிழ்த்துவிட்டார்கள். சினையாடுகளின் வயிற்றில் குட்டி முட்டி மடக்கிப் படுத்திருப்பது தெரிந்ததால் பெண்கள் அந்த ஆடுகளை ஆண்கள் போகிற பாதையில் விடாமல் வாய்க்கால் பக்கமாக ஓட்டிப் போனார்கள். இரண்டு முறை கர்ப்பம் கலைந்த ஒரு மருமகள் தினமும் மத்தியானம் அப்படியொரு ஆட்டின் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள், அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டிவிக்காரர்கள் வேனில் வந்தார்கள். கேமராவில் சாதாரண ஆடுதான் விழுந்தது. கோபித்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் வயிறு தெரிந்தால் வயிற்றில் இருப்பதும் தெரியும். நாலாவது வயிற்றின் சுவரில், சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் போல, ஒரு விரற்கடை நீளத்தில் புழுக்கள் தலையைச் செருகிக்கொண்டு தொங்கின. சிவப்பு, அவை குடித்த ஆட்டு ரத்தம். இந்தப் புழு வயிற்றில் இருப்பது ஆடு வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். மழைக்குப் பிறகு குட்டிகளின் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை போல வீங்குவதும், கழிவதும், நாலாம் நாள் காலை எழுந்திருக்காமல் கிடப்பதும் இதனால்தான் என்றும் தெரியும். அதைக் கண்ணால் பார்த்ததுதான் புதிது.

ஆவுடைத்தாய்க்கு அது வெறும் வேடிக்கை இல்லை. மூன்று வருஷமாகக் கார்த்திகை மாதத்தில் அவள் பட்டியில் குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன. போன வருஷம் ஒன்பதில் ஏழு போனது. இந்த வருஷமும் இப்படியே ஆனால் இருக்கிற ஆட்டையும் தள்ளிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடலாம், மில்லில் வாட்ச்மேன் வேலைக்கு மச்சினன் சொல்லி வைத்திருக்கிறான் என்று திருமேனி முடிவு பண்ணியிருந்தான். அவள் மறுத்துப் பேசவில்லை, ஆனால் திருப்பூரில் ஒற்றை அறையில் ஆடு இல்லாமல் விடிகிற ஒரு காலையை நினைத்துப் பார்க்கவும் அவளால் முடியவில்லை. இந்த ஐப்பசியில் பதினொரு குட்டிகள் பிறந்திருந்தன.

அதனால் அவள் பார்த்தாள். மேய்ச்சலில் மற்றவர்கள் மரத்தடியில் சாய்ந்திருக்க அவள் ஒவ்வொரு ஆட்டின் பின்னாலும் நடந்து, குனிந்து, வயிறு வயிறாகப் பார்த்தாள். ஒரே புல்லை மேய்ந்து, ஒரே ஓடையில் குடித்து, ஒரே நாளில் ஒரே மருந்தை வாங்கிக்கொண்ட ஆடுகளில் சிலவற்றின் வயிறு கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி சுத்தமாக இருந்தது. சிலவற்றில் பத்துப் பன்னிரண்டு புழு ஒட்டியிருந்தது. ஏழே ஏழு ஆடுகளின் வயிற்றில் மட்டும் நெசவுத்தறிப் பாவு போல அடை அடையாகத் தொங்கியது. நாற்பத்திரண்டு ஆட்டின் புழுவையும் கூட்டினால் முக்கால்வாசிக்கு மேல் அந்த ஏழில்தான் இருந்தது. சுத்தமாக இருந்தவற்றில் பெரும்பாலும் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்த ஆடுகளும் அவற்றின் வழியில் வந்தவையும், வெள்ளையில் சிவப்புத் திட்டுகள் விழுந்த பொட்டாடுகள், எடை நிற்காது என்று சந்தையில் யாரும் சீந்தாத ரகம். புழு மண்டியவற்றில் பெரும்பாலும் பெரிய உடம்புக் கலப்பாடுகள். ஆனால் கலப்பாடுகளிலும் சுத்தமான ஒன்று இருந்தது. பொட்டாடுகளிலும் மண்டிப்போன ஒன்று இருந்தது, அது சுழிச்சி. ஈன்றதும் தாய் செத்துப்போனதால் ஆவுடைத்தாய் பால்புட்டியில் வளர்த்து, இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே படுக்கவைத்து ஆளாக்கிய ஆடு, பேர் சொன்னால் எந்தக் கூட்டத்திலிருந்தும் ஓடிவரும். அதன் வயிற்றைப் பார்த்த அன்றைக்கு அவள் வலது பக்கமாகப் போய் அதன் கழுத்தைச் சொறிந்து கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

புதன்கிழமை ஊருக்கு வரும் மாட்டு டாக்டர் ஜெபராணி ஆடுகளைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டாள், பிறகு கொஞ்சம் மனம் சுருங்கினாள், ஏனென்றால் அவள் பத்து வருஷமாகப் புழுக்கையைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் முட்டை எண்ணிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்ததை இப்போது டீக்கடைக்காரர் கூடச் சொன்னார்.

"ஒரே மருந்துதான குடுத்தேன் டாக்டரம்மா, இதுக்கு இருக்கு, அதுக்கு இல்லையே ஏன்?" என்று ஆவுடைத்தாய் கேட்டாள்.

"அது பொறப்புக்கா. சில ஆடு புழுவத் தங்கவிடாது. புல்லோட உள்ள போனாலும் வயித்துச் சுவரு வழுவழுன்னு சளிய விட்டு உதறிரும். தாய் தகப்பன்கிட்ட இருந்து குட்டிக்கு வர்ற கொணம் அது. பொட்டாடு இந்தக் கரிசல்ல ரொம்ப காலமா மழைக்கு மழை இந்தப் புழுவோட மல்லுக்கட்டி வந்தது, அதுல அந்தக் கொணம் கூடுதலா இருக்கும். எல்லாத்துலயும் இருக்கும்னு சொல்ல மாட்டேன்."

"அந்த ஏழு?"

"அதுதான் ஊருக்கே விதை. ஒரு பொட்டப் புழு ஒரு நாளைக்கு அஞ்சாயிரம் முட்டை போடும். புழுக்கையில விழுந்து, ஈரத்துல பொரிச்சு, புல்லு நுனிக்கு ஏறி உக்காந்துக்கும். காலையில பனியோட குட்டி வந்து வாய வைக்கும்."

"சில ஆடு நெறைய வச்சுக்கிட்டும் நல்லா கொழுகொழுன்னு இருக்கே?"

"அது தாங்கிக்கிடுது. தாங்குறது வேற, தடுக்கறது வேற. தாங்குற ஆடு தான் சாகாது, மத்ததைச் சாகடிக்கும்."

அதைச் சொல்லும்போது இரண்டு பேருமே திரும்பி ஒரே திசையில் பார்த்தார்கள். அங்கே உடைமரத்து மாடன் கோயில் நிழலில் மாடன் கிடா நின்றுகொண்டிருந்தது.

அந்தக் கிடா ஆறு வருஷத்துக்கு முன்னால் கொடை விழாவுக்காக மாடனுக்கு நேர்ந்துவிட்டது. திருமேனியும் அவன் பெரியப்பா மகன் சங்கிலிமுத்துவும் சேர்ந்து வாங்கிவிட்டார்கள். கொடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதல் பரிவட்டம் யாருக்கு என்று இருவருக்கும் பேச்சு முற்றி, கைகலப்பாகி, ஸ்டேஷன் வரைக்கும் போய், கொடை நின்றுபோனது. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை, ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது, கிடா மட்டும் பொதுவாக நின்றுவிட்டது. சாமிக்கு விட்டதை விரட்டக் கூடாது, கட்டக் கூடாது. அது நினைத்த பட்டியில் படுத்தது, நினைத்த குழுதாடித் தண்ணீரில் வாய்வைத்தது, எல்லார் வீட்டுப் பெட்டை ஆட்டோடும் சேர்ந்தது. மூன்று வருஷமாக ஊரில் பிறந்த குட்டிகளில் பாதிக்கு மேல் அதன் நெற்றிக் கறுப்போடுதான் பிறந்தன. கன்றுக்குட்டி உயரம் வளர்ந்து, கழுத்து மடிப்பு மடிப்பாகத் தொங்க, மாடனே நடந்து வருகிறாற்போல அது தெருவில் வரும்.

அதன் வயிறு தெரிந்தபோது ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. கருங்கண்மாய் முழுவதிலும் எந்த ஆட்டின் வயிற்றிலும் அவ்வளவு புழு இல்லை. சிவப்பும் வெள்ளையும் திரிதிரியாக, தேர்வடம் போல, சுவரே தெரியாமல் நிறைந்து அசைந்துகொண்டிருந்தன. இருந்தும் அதன் கண்ணில் களை குறையவில்லை. ஊர்ப் புழுவையெல்லாம் மாடன் தன் கிடாவின் வயிற்றில் வாங்கி வைத்துக்கொண்டு ஜனங்களைக் காப்பாற்றுகிறான் என்று பூசாரி உலகநாதன் சொன்னார். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கிடாவுக்கு மாலை போட்டார்கள், கம்பும் கடலைப் புண்ணாக்கும் வைத்தார்கள், நம் பட்டிக்கு இன்று வராதா என்று படலைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். கிடா எல்லார் பட்டிக்கும் போனது. போன இடமெல்லாம் புழுக்கை போட்டது.

கார்த்திகை முதல் வாரத்தில் ஆவுடைத்தாயின் இரண்டு குட்டிகளுக்குத் தாடை வீங்கியது. இரண்டும் நெற்றியில் கறுப்புள்ளவை. மறுநாள் காலை பத்து மணிக்கு, தெருவில் எல்லாரும் பார்க்க, அவள் ஒரு கைப்பிடி உடைமரத்துக் காய்ந்த நெற்றைக் காட்டிக் கிடாவைக் கூட்டிக்கொண்டு போய், ஊருக்கு வடக்கே கற்சுவர் மட்டும் மிஞ்சி நின்ற, பயிரை மேய்ந்த மாடுகளை முன்பு அடைத்துவைத்த பழைய பவுண்டில் விட்டு அடைத்தாள். இனி எந்த ஆட்டோடும் சேராதபடி அதன் வயிற்றுக்கடியில் ஒரு சாக்குத் துணியைத் தொங்கவிட்டு முதுகில் முடிச்சுப் போட்டாள். பிறகு வீட்டுக்குப் போய், அந்த ஏழில் விற்க மனம் வராமல் வைத்திருந்த சுழிச்சியையும் கூட்டிவந்து அதே பவுண்டில் விட்டாள். வெட்டின தழையை அள்ளிப் போட்டாள், புழுக்கையைக் கூட்டி வெயிலில் பாறைமேல் பரப்பினாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் கூடிவிட்டது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே மரத்தடியில் நின்றார்கள், நடுவில் ஒரு பாய் அகலம் இடம் விட்டு.

"சாமிக்குச் சாக்குக் கட்டினவள எங்கயாவது கேட்டிருக்கீகளா?" என்று பூசாரி உலகநாதன் கேட்டார். "ஏம்மா, ஊரு நோவைத் தாங்குற கெடாவை அடைச்சுப் போட்டிருக்கியே, உனக்குப் பயமா இல்லையா?"

"தாங்கட்டும் சாமி. ஆனா வாங்கினதை வயித்துல வச்சுக்கிடலையே. தெனம் வெளிய விடுதே."

"உன் ஆட்டுல புழு இல்லையோ?"

"இருக்கு. சுழிச்சிக்கு இருக்கு. அதையும் கூட்டியாந்து கெடாவோட அடைச்சுட்டுத்தான் வந்து நிக்கேன்."

சுழிச்சியை ஊருக்கே தெரியும். திருமேனி தலையைக் குனிந்துகொண்டு, இவளை இழுத்துக்கொண்டு போவதா, பக்கத்தில் போய் நிற்பதா என்று தெரியாமல், துண்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் போய் அவள் பக்கத்தில் நின்றான்.

கட்டிப்போட்டாலும் குற்றம், அவிழ்த்துவிட்டாலும் இவள் சொல்கிறபடி குட்டி சாகும், விற்க முடியாது, வெளியூருக்கு ஓட்ட முடியாது; மாடனுக்கு விட்டதை மாடனிடம்தான் சேர்க்க முடியும், அதற்குக் கொடை நடக்க வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டு எழுந்து போனார். கொடை என்ற சொல் விழுந்ததும் பாய் அகல இடத்தின் இரண்டு பக்கத்திலும் ஆட்கள் வேறு வேறு திசையில் பார்த்தார்கள்.

மறுநாள் ஆவுடைத்தாய் சங்கிலிமுத்து வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவளைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பி, உள்ளே இருந்த மனைவியிடம் சொன்னார்.

"யாரோ வந்திருக்காக. என்ன வேணும்னு கேளு."

மனைவி வாசலுக்கு வந்து, "என்ன வேணும்னு கேக்காக" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. குழாயடியில் அவளும் ஆவுடைத்தாயும் ஆறு வருஷமும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"பட்டியப் பாக்கணும்னு சொல்லுக்கா."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் பட்டிக்குள் போய்விட்டாள். அவர் ஆசையாக வாங்கின வெள்ளைக் கலப்பாடுகளின் நடுவே நான்கு குட்டிகள் எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தன. அவற்றில் ஒன்றைத் தூக்கிவந்து, அவர் பார்த்துக்கொண்டிருந்த சுவருக்கும் அவர் முகத்துக்கும் நடுவில், இடது பக்கம் அவருக்குத் தெரியும்படி பிடித்தாள். அது ஒரு கோழியின் எடை கூட இல்லை. வயிற்றுக்குள் புழுக்கள்தான் சிவப்பாக இருந்தன, குட்டியின் குடல் கழுவின துணி மாதிரி வெளுத்திருந்தது. நெற்றியில் கறுப்பு.

"இது யாரு பிள்ளைன்னு தெரியுதா அத்தான்?"

அவர் வெகுநேரம் பார்த்தார். அந்தக் குட்டியின் நெற்றியைப் பெருவிரலால் தடவினார்.

"நேத்து ரெண்டு போச்சு" என்றார். ஆறு வருஷத்தில் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"கொடையப் போட்ருவோம் அத்தான்."

"பரிவட்டம்?"

"உங்களுக்கே கட்டட்டும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. மூத்தவுக நீங்கதானன்னு சொன்னாரு."

திருமேனி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவள் நேராக வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்தவன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அத்தான் கொடைக்குச் சம்மதிச்சுட்டாக. பரிவட்டம் தம்பிக்கே கட்டட்டும்னுட்டாக" என்றாள். திருமேனி சோற்றில் கையை வைத்தபடியே இருந்தான். "அண்ணனா சொல்லுச்சு?" என்றான். "அண்ணன்தான்" என்றாள் அவள். அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

கொடை அடுத்த செவ்வாய்க்கிழமை பகலில் நடந்தது. மேளம் வந்தது, பந்தல் போட்டார்கள், பவுண்டிலிருந்து கிடாவைக் குளிப்பாட்டிக் கூட்டிவந்தார்கள், சாக்கை ஆவுடைத்தாயே அவிழ்த்தாள். பூசாரி பரிவட்டத் துணியை எடுத்துக்கொண்டு திருமேனியைப் பார்க்க, திருமேனி, "அண்ணனுக்குக் கட்டுங்க" என்றான். சங்கிலிமுத்து, "சே, தம்பிக்குக் கட்டுங்க சாமி, நான் எதுக்கு" என்றார். "இல்லண்ணே, நீதான் மூத்தவன்." "விட்டுக் குடுத்தவன் நீ, உனக்குத்தான்." "நான் எங்கண்ணே விட்டேன், நீதான விட்டே." இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, பெண்கள் நின்ற பக்கம் திரும்பி ஆவுடைத்தாயைத் தேடினார்கள். அவள் குனிந்து ஒரு குழந்தையின் மூக்கைச் சேலையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் துணியோடு நின்று சலித்துப்போன பூசாரி அதை மாடன் கல்லின் தலையிலேயே கட்டிவிட்டார்.

கிடா தலையில் ஊற்றிய முதல் சொம்புத் தண்ணீருக்கே உடம்பைச் சிலிர்த்து, வெட்டலாம் என்று உத்தரவு கொடுத்தது. வெட்டு ஒரே வெட்டாக விழுந்தது. அது சாய்ந்த பிறகும் கண்ணாடி வயிற்றுக்குள் புழுக்கள் அசைந்துகொண்டுதான் இருந்தன, சனம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. கறியை ஊர் முழுக்கப் பங்கு வைத்தார்கள். வயிற்றையும் குடலையும் மட்டும் டாக்டர் சொன்னபடி மேய்ச்சலுக்கு அப்பால் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். இரண்டு நாள் கழித்து கறிக்கடைக்காரர் வந்து சுழிச்சியைப் பிடித்துக்கொண்டு போனார். தெரு முனை திரும்பும் வரைக்கும் அது திரும்பித் திரும்பிப் பார்த்தது. அன்று முழுக்க ஆவுடைத்தாய் வீட்டில் அடுப்பு எரியவில்லை, திருமேனி கடையில் இட்லி வாங்கி வந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான்.

அந்தக் கார்த்திகையில் அவள் பட்டியில் பதினொரு குட்டிகளில் மூன்று செத்தன. எட்டு பிழைத்தன. மற்றப் பட்டிகளிலும் ஏறக்குறைய அப்படித்தான். புழு மண்டின ஆடுகளை ஒவ்வொருவராகக் கழித்தார்கள், சிலர் மனமில்லாமல் வைத்துக்கொண்டார்கள். மச்சினன் போன் பண்ணியபோது திருமேனி, "வேற ஆளப் பாத்துக்கோ மாப்ள" என்றான்.

மார்கழிக் கடைசியில் வயிறுகள் மங்க ஆரம்பித்தன. கண்ணாடியில் மூச்சு படிந்தது போல முதலில் ஓரங்கள் வெளுத்தன. மறுபடி மூடப்போகிறது என்று தெரிந்ததும் ஆவுடைத்தாயும் சங்கிலிமுத்து மனைவியும் பட்டி பட்டியாகப் போய், இரண்டு பக்கத்து ஆடுகளிலும் வயிறு சுத்தமாக இருந்தவற்றுக்கெல்லாம் இடது காதில் ஒரு சின்ன வெட்டுப் போட்டார்கள். ஒன்பதாம் நாள் பொங்கல். அன்று காலை ஆடுகளுக்கு மஞ்சள் பூசக் குனிந்தவர்கள் கையில் தோலும் மயிரும் கண்ணுக்கும் சேர்த்தே தட்டுப்பட்டன. எல்லாரும் பூசி முடித்துவிட்டுப் பொங்கல் வைக்கப் போனார்கள்.

அந்த வருஷம் பிழைத்த எட்டில் ஒரு பொட்டுக் கிடாக்குட்டி இருந்தது. முன்னங்கால் கொஞ்சம் வளைவு, ஒரு காது மடங்கி நிற்கும், உடம்பு எப்போதும் ஒட்டியே இருக்கும். அதன் வயிற்றில் ஒரு நாளும் ஒரு புழு கூட ஒட்டி ஆவுடைத்தாய் பார்த்ததில்லை. அடுத்த ஆனியில் அது கிடாவாகி நின்றபோது, ஒரு காலை சங்கிலிமுத்து தன் வெள்ளை ஆடுகளிலேயே உயரமான ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அவள் பட்டிக்கு வந்தார். ஆடு பருவத்துக்கு வந்து கத்திக்கொண்டிருந்தது. அவர் படலுக்கு வெளியே நின்று, வானத்தைப் பார்த்து, மழை பிந்தும் போல இருக்கிறது என்றார், பருத்திக்கு இந்த வருஷம் பூச்சி அதிகம் என்றார், பிறகு, "உன் கெடா சும்மாதான நிக்கி?" என்றார்.

ஆவுடைத்தாய் படலைத் திறந்தாள். வெள்ளை ஆடு உள்ளே போனது. வளைந்த காலோடு கிடா அதை மோந்து பார்த்தது, அதன் தலை ஆட்டின் தோள் வரைக்கும்தான் எட்டியது.

"உங்க ஆட்டுக்கு இது குட்டையாச்சே அத்தான். இப்ப வயிறும் தெரியாது. எதை நம்பிப் பிடிச்சாந்தீக?"

சங்கிலிமுத்து கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ பாத்திருக்கேல்ல" என்றார். "மேட்டுல நிறுத்து, எட்டும்."